கருவியின் பின்வாசல்: தொடர்க் கொன்சோல் மொடியூல்களை வலைப்பக்கத்தின் வழி அமைத்தல்

தோற்றுவாய்

யாழ்ப்பாணத்துப் பழைய வீடுகளுக்குத் தலைவாசல் ஒன்றும் கோடிப்புறத்துக் கதவு ஒன்றும் உண்டு. வருவோரும் போவோரும் தலைவாசலையே அறிவர். மற்றக் கதவை வீட்டார் மாத்திரமே அறிவர். தலைவாசற் பூட்டுப் பழுதுற்றுத் திறவுகோல் சுழலாது நிற்கும் நாளிலேதான், வேறொரு கதவு உளதென்பதன் அருமை புலப்படும். இன்று நம்மிடையே வழங்கும் கணினிக் கருவிகளுக்கும் இவ்வாறே இரு வாசல்கள் உள. மேலோடியிலே முகவரியை எழுதித் திறக்கும் வலைப்பக்கம் தலைவாசல். கருவியின் பின்புறத்தே, பெரும்பாலும் தூசி படிந்து கிடக்கும் “கொன்சோல்” என்னும் தொடர்த்துறை பின்வாசல். பல கருவிகளின் பின்வாசல்களை ஓரிடத்திலே திரட்டித் தருவன தொடர்க் கொன்சோல் மொடியூல்கள். அவற்றை அமைக்கும் முறையையும், அம்முறையின் ஒவ்வொரு படிக்கும் உரிய காரணத்தையும் விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கலைப் பட்டதாரியாகிய யான் இப்பொருளை எழுதத் துணிந்தமைக்குக் காரணம் ஒன்று உண்டு. சில ஆண்டுகளின் முன்னர், பாடசாலையொன்றின் கணினிக்கூடத்துக்குப் பொறுப்பாயிருந்தேன். தவணைப் பரீட்சைப் புள்ளிகளைப் பதியும் வாரத்திலே, வலையமைப்பு ஆளியின் வலைப்பக்கத்தைத் திறந்து, எந்தத் துறை எந்தப் பிரிவைச் சேர்வது என்னும் அட்டவணையைத் திருத்தினேன். ஓர் இலக்கம் பிழைத்தது. திருத்தத்தை ஏற்குமாறு பொத்தானை அழுத்திய கணமே பக்கம் மறைந்தது. கூடத்திலிருந்த கணினிகள் யாவும் தொடர்பற்றன. பிழையைத் திருத்துதற்கு அதே பக்கம் வேண்டும். அப்பக்கமோ அப்பிழையினாலேயே மூடப்பட்டுவிட்டது. ஆளியைத் தொழிற்சாலை நிலைக்கு மீட்டால் எல்லா அமைப்பும் அழிந்துவிடும். அவ்வமைப்பை எவரும் எழுதி வைத்திருக்கவில்லை. இரு நாள்கள் ஆசிரியர்கள் புள்ளித் தாள்களோடு காத்திருந்தனர். மூன்றாம் நாள், தொழினுட்பத் துறையிலே பணிபுரியும் பழைய மாணவர் ஒருவர் வந்து, வெளிர்நீல நிறத் தட்டைக் கம்பியொன்றை ஆளியின் பின்புறத்தே செருகி, ஐந்து நிமிடத்திலே அதனைச் சீர்செய்தார். “சேர், இந்தத் துறை எதற்கென்று ஒருநாளும் பார்க்கவில்லையா?” என்று பணிவுடன் வினவினார். பார்க்கவில்லை என்பதே உண்மை. அவ்வினாவுக்குக் காலந்தாழ்த்திய விடையாகவே இதனை எழுதுகின்றேன்.

ரெலிரைப்பின் வழித்தோன்றல்

கொன்சோல் துறையின் வரலாறு கணினியின் வரலாற்றினும் முற்பட்டது. தந்தி முறையில் எழுத்துகளை ஐந்து துடிப்புகளின் சேர்க்கையாக அனுப்பும் வழியைப் பிரான்சு நாட்டவராகிய எமில் போடோ என்பார் வகுத்து, 1874 ஆம் ஆண்டில் உரிமைப்பத்திரம் பெற்றார். வேகத்தைக் குறிக்கும் “போட்” என்னும் அலகு அவர் பெயரால் வழங்குவது. அதன்வழி வந்த ரெலிரைப் இயந்திரங்கள், ஓரிடத்தில் தட்டிய எழுத்தை மற்றோரிடத்தே தாளில் அச்சிட்டன. கணினிகள் தோன்றியபொழுது, மனிதனும் கணினியும் உரையாடுதற்கு இவ்வியந்திரங்களே கருவியாயின. 1963 ஆம் ஆண்டில் வெளிவந்த ரெலிரைப் 33 ஆம் மாதிரி, செக்கனுக்குப் பத்து எழுத்துகளை அச்சிட்டது. இன்றும் யூனிக்ஸ், லினக்ஸ் ஆகிய இயக்க முறைமைகள் தம் முனையங்களை “ரீ.ரீ.வை.” என்னும் சுருக்கப் பெயரால் அழைப்பது, மறைந்துபோன ரெலிரைப்பின் பெயரையே எச்சமாகச் சுமந்து நிற்பதாகும்.

ஒரு நிறுவனத்தின் முனையம் மற்றொரு நிறுவனத்தின் கருவியோடு இயைதல் வேண்டி, அமெரிக்க இலத்திரனியற் கைத்தொழிற் சங்கம் 1960 இல் ஆர்.எஸ். 232 என்னும் நியமத்தை வெளியிட்டது. அதன் மூன்றாந் திருத்தம் 1969 இல் வந்தது. ரெலிரைப் மறைந்தது, கண்ணாடித் திரை கொண்ட முனையங்களும் மறைந்தன. ஆயினும் நியமம் நிலைத்தது. இன்றைய வழிப்படுத்தியும், ஆளியும், சேவையகமும் இன்னும் அம்மொழியையே தம் பின்வாசலிற் பேசுகின்றன. எளிமையே இந்நிலைபேற்றுக்குக் காரணம். முகவரி வேண்டா, பெயர்ப்பட்டியல் வேண்டா, வலையமைப்பே வேண்டா. இயக்க முறைமை முற்றாக எழுமுன்னரே கருவி இத்துறையிற் பேசத் தொடங்கிவிடும்.

தொடர்முறை யாது?

எட்டுப் பேர் ஒரே வேளையில் எட்டு வாசல்களாற் செல்வது சமாந்தர முறை. எட்டுப் பேரும் ஒற்றையடிப் பாதையில் ஒருவர்பின் ஒருவராகச் செல்வது தொடர்முறை. தொடர்த்துறையிலே ஓர் எழுத்தின் பிற்றுகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே கம்பியிற் செல்கின்றன. ஆர்.எஸ். 232 நியமப்படி, பெறும் இடத்தில் 3 முதல் 15 வரையான நேர் வோற்று பூச்சியத்தையும், அதே அளவான எதிர் வோற்று ஒன்றையும் குறிக்கும். இடைப்பட்ட அளவுகள் பொருளற்றவை.

கம்பி ஓய்ந்திருக்கையில் ஒன்று என்னும் நிலையில் நிற்கும். எழுத்து வரப்போகின்றது என்பதை அறிவித்தற்குப் பூச்சியமாகிய தொடக்கப் பிற்று முதலில் வரும். அடுத்துத் தரவுப் பிற்றுகள் வரும். இறுதியில் ஒன்றாகிய நிறுத்தப் பிற்று வரும். உதாரணமாக, ஆங்கிலத்து முதல் எழுத்தின் குறியீட்டெண் 65. அதனை இருமத்தில் எழுதினால் 01000001. கடைநிலைப் பிற்றே முதலிற் செல்லும் வழக்கமாதலின், கம்பியிலே 0 என்னும் தொடக்கமும், பின் 1, 0, 0, 0, 0, 0, 1, 0 என்பனவும், ஈற்றில் 1 என்னும் நிறுத்தமுமாகப் பத்துப் பிற்றுகள் செல்லும். செக்கனுக்கு 9600 பிற்று என்னும் வேகத்தில் 960 எழுத்துகள் செல்லும் என்பதும், ஒரு பிற்றுக்குரிய காலம் ஏறத்தாழ 104 மைக்குரோசெக்கன் என்பதும் இதனாற் பெறப்படும்.

அனுப்புபவனுக்கும் பெறுபவனுக்கும் பொதுவான மணிக்கூடு இல்லை என்பது இங்கே கருதற்பாலது. பெறுபவன் தொடக்கப் பிற்றின் விளிம்பைக் கண்டு, தன் மணிக்கூட்டின்படி ஒவ்வொரு பிற்றின் நடுவிலும் கம்பியை நோக்குவான். நிறுத்தப் பிற்றின் நடு, தொடக்க விளிம்பிலிருந்து ஒன்பதரைப் பிற்றுத் தூரத்தில் உளது. அதற்குள் அரைப் பிற்றுக்கு மேல் வழுவினால் வாசிப்புப் பிழைக்கும். ஆகவே இரு மணிக்கூடுகளுக்குமிடையே ஏறத்தாழ நூற்றுக்கு ஐந்து வரையான வேறுபாடே பொறுத்தற்குரியது. 115200 என்னும் வேகத்திற் பேசும் கருவியை 9600 இற் கேட்பவனுக்கு அர்த்தமற்ற குறிகளே தோன்றுவதன் காரணம் இதுவே. திரையிற் குப்பை தோன்றினால் கருவி பழுது என்று முடிவுசெய்தல் ஆகாது. முதலில் வேகத்தை ஒப்புநோக்குதல் வேண்டும்.

தரவுப் பிற்று ஏழா எட்டா என்பதும் சிறு விடயமன்று. தமிழ் எழுத்தாகிய “அ” இன்றைய யூனிக்கோட் முறையில், யூ.ரி.எப். 8 என்னும் குறியாக்கத்தின்படி மூன்று பைற்றுகளாகச் செல்லும். அம்மூன்றிலும் எட்டாம் பிற்று ஒன்று என்றே இருக்கும். ஏழு பிற்று அமைப்பில் அவ்வெட்டாம் பிற்று அறுபடும். ஆங்கிலம் ஊறின்றிச் செல்ல, தமிழ் மாத்திரம் சிதையும். பழைய ஏழு பிற்று அமைப்பு ஆங்கில எழுத்துகளுக்கென்றே வகுக்கப்பட்டமையின் விளைவு இது.

சமநிலைப் பிற்று எனப்படுவது, ஒன்றுகளின் தொகை இரட்டையா ஒற்றையா என்பதைக் காட்டும் காவற் பிற்று. ஒரு பிற்று மாறினால் அதனைக் காட்டிக்கொடுக்கும். இரு பிற்றுகள் மாறினால் ஏமாந்துபோகும். கொன்சோல் துறைகளில் இது பெரும்பாலும் வழங்குவதில்லை. ஓட்டக் கட்டுப்பாடு என்பது, “பொறு, பின்னர் அனுப்பு” என்று பெறுபவன் சொல்லும் வழி. அது தனிக் கம்பிகளாலும் நிகழும். 19, 17 என்னும் குறியீட்டெண்களை முறையே நிறுத்தற்கும் தொடர்தற்கும் அனுப்புதலாலும் நிகழும். பின்னைய முறையில், கம்பியின் இரைச்சலாலோ கைதவறியோ 19 சென்றுவிட்டால் துறை உயிரற்றதுபோலத் தோன்றும். சிஸ்கோ கருவிகள் பலவற்றின் கொன்சோல் துறைக்குரிய இயல்பமைப்பு, வேகம் 9600, தரவுப் பிற்று எட்டு, சமநிலை இல்லை, நிறுத்தம் ஒன்று, ஓட்டக் கட்டுப்பாடு இல்லை என்பதாகும். ஐயம் வரும்போது இதனை முதலில் முயலலாம்.

மொடியூல்களும் கம்பிகளும்

ஒரு கருவிக்கு ஒரு கம்பியும் ஒரு மடிக்கணினியும் போதும். நாற்பது கருவிகள் ஓர் அறையில் நிற்க, அவற்றைப் பராமரிப்பவர் நூறு மைலுக்கு அப்பால் இருப்பாராயின் என் செய்வது? இதன்பொருட்டே கொன்சோல் சேவையகம் எழுந்தது. அதன் ஒரு புறத்தே பல தொடர்த்துறைகள். மறுபுறத்தே ஈதர்நெற் வலையமைப்பு. கருவிகள் ஒவ்வொன்றும் தன் பின்வாசலை அதனிடம் ஒப்படைத்துவிட, பராமரிப்பவர் எங்கிருந்தாயினும் அதனை அடைந்து, வேண்டிய பின்வாசலைத் திறந்துகொள்வார். சில சேவையகங்களிலே துறைகள் பெட்டியோடு ஒட்டியவை. வேறு சிலவற்றிலே துறைகளைத் தொகுதியாகக் கொண்ட மொடியூல்களைத் தேவைக்கேற்பச் செருகலாம். லான்ரொனிக்ஸ் நிறுவனத்தின் எஸ்.எல்.சி. 8000 வரிசை இத்தகையது. அது தொடர்த்துறை மொடியூல்களையும் யூ.எஸ்.பி. மொடியூல்களையும் ஏற்று, 48 துறைகள் வரை தாங்கும். புதிய கருவிகள் பல யூ.எஸ்.பி. வடிவிலும் கொன்சோல் துறையைத் தருவதனால் இருவகையும் வேண்டப்படுகின்றன.

கம்பியிலே கவனம் வேண்டும். உரையாடலுக்கு ஒருவன் வாய் மற்றவன் செவிக்கு நேராதல் வேண்டும்; வாயும் வாயும் நேரானால் இருவரும் பேசுவர், ஒருவரும் கேளார். எட்டு முனை கொண்ட ஆர்.ஜே. 45 செருகியிலே, ஒரு பக்கத்து முதன்முனை மறுபக்கத்து எட்டாம் முனைக்கும், இரண்டாம் முனை ஏழாம் முனைக்குமாகப் புரட்டிக் கட்டிய கம்பியே மேற்கூறிய வெளிர்நீலக் கம்பி. மொடியூல்கள் சில, இப்புரட்டலைக் கம்பியிற் செய்யாது வலைப்பக்கத்திலேயே தெரிவுசெய்யும் வசதியைத் தருகின்றன. கம்பியையும் புரட்டி, பக்கத்திலும் புரட்டினால் இரண்டும் ஒன்றையொன்று அழித்துவிடும் என்பதை மறத்தலாகாது. அன்றியும், ஈதர்நெற்றும் கொன்சோலும் ஒரே வடிவச் செருகியைக் கொண்டிருப்பதால், ஒன்றை மற்றதிற் செருகிவிட்டு மணிக்கணக்காகக் காரணம் தேடுவோர் உளர். கம்பியின் இரு முனைகளிலும் பெயர்ச்சீட்டு ஒட்டுதல் இவ்வழுவைத் தவிர்க்கும்.

வலைப்பக்கத்தில் அமைக்கும் ஒழுங்கு

வலைப்பக்கத்தின் தோற்றம் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். செய்யவேண்டுவன பெரிதும் ஒன்றே. அவை வருமாறு:

முதலாவது, நுழைவு. புதிய கருவி ஓர் இயல்பான முகவரியோடு வரும். ஓப்பன்கியர் நிறுவனத்தின் கருவிகள் பலவற்றுக்கு அது 192.168.0.1 ஆகும். மடிக்கணினியை அதே வரிசையில் ஒரு முகவரிக்கு அமைத்து, எச்.ரி.ரி.பி.எஸ். என்னும் மறையாக்க வழியாற் பக்கத்தைத் திறத்தல் வேண்டும். சான்றிதழ் பற்றி மேலோடி எச்சரிக்கும். கருவி தனக்குத் தானே வழங்கிய சான்றிதழை மேலோடி அறியாமையே காரணம். கம்பியால் நேரே இணைத்திருக்கையில் இதனை ஏற்கலாம்; வெளிவலையில் நின்று வருங்கால் காரணம் அறியாது ஏற்றல் தகாது. உட்புகுந்தவுடன் முதற் செயல் கடவுச்சொல்லை மாற்றுதல்.

இரண்டாவது, பெயரிடுதல். “துறை 7” என்று விட்டுவிடாது, “நூலக ஆளி”, “மேல்மாடி வழிப்படுத்தி” என எழுதுதல் வேண்டும். நள்ளிரவிலே பதற்றத்தோடு வருபவன் இலக்கங்களை நினைவிற் கொள்ளான். பிழையான துறையைத் திறந்து, நலமாயிருந்த கருவியை நிறுத்திவிடுதல் நேரக்கூடியதே.

மூன்றாவது, வேகம் முதலிய ஐந்தும். மேலே விளக்கிய வேகம், தரவுப் பிற்று, சமநிலை, நிறுத்தம், ஓட்டக் கட்டுப்பாடு என்பன துறைதோறும் தனித்தனி அமைக்கப்படும். இங்கே ஒரு நெறி உண்டு: கொன்சோல் சேவையகத்தைக் கருவிக்கு ஏற்ப மாற்றுக, கருவியைச் சேவையகத்துக்கு ஏற்ப மாற்றற்க. கருவியின் இயல்பு வேகத்தை மாற்றிவிட்டால், கருவி தொழிற்சாலை நிலைக்கு மீளும் நாளிலே, தொடர்பு மிக வேண்டப்படும் அன்றே, அது அறுந்துபோகும்.

நான்காவது, அடையும் வழி. ஒரு துறையை ரெல்நெற் வழியாலும் அடையலாம், எஸ்.எஸ்.எச். வழியாலும் அடையலாம். முன்னையது 1983 இல் நியமமாக வெளியிடப்பட்டது. கடவுச்சொல் உட்பட யாவற்றையும் திறந்த அஞ்சலட்டைபோல அனுப்புவது. பின்னையது, கடவுச்சொற்கள் களவாடப்பட்டமை கண்டு, பின்லாந்து நாட்டுத் தற்று இலோனென் என்பார் 1995 இல் ஆக்கியது, முத்திரையிட்ட உறைபோன்றது. மேற்கூறிய இரு நிறுவனங்களின் வழக்கப்படி, துறை இலக்கத்தோடு 2000 ஐக் கூட்டினால் ரெல்நெற்றுக்கும், 3000 ஐக் கூட்டினால் எஸ்.எஸ்.எச். வழிக்கும் உரிய ரி.சி.பி. இலக்கம் கிடைக்கும். ஏழாம் துறைக்கு 3007 என்பது போலக் கொள்க. எஸ்.எஸ்.எச். ஒன்றையே திறந்து வைத்து, ஏனையவற்றை மூடுதல் நன்று.

ஐந்தாவது, உரிமை. எல்லார்க்கும் எல்லாத் துறையும் வேண்டா. வலையமைப்பைக் காப்பவர்க்கு ஆளிகளின் துறைகள். சேவையகங்களைக் காப்பவர்க்கு அவற்றின் துறைகள். ஒருவர்க்கொரு பெயர் என்று கொடுத்தாற்றான், எவர் எப்பொழுது என் செய்தார் என்பது பின்னர் விளங்கும். பொதுப் பெயரொன்றைப் பலர் வழங்குமிடத்துப் பொறுப்பு ஒருவர்க்கும் இல்லையாகிவிடும்.

ஆறாவது, பதிவேடு. கணினியொன்று திடீரென இறந்துபடும்போது அதன் இறுதிச் சொற்கள் கொன்சோல் துறையிலேயே வெளிவரும்; கேட்பார் இல்லையேல் அவை காற்றோடு போம். துறையில் வருவனவற்றையெல்லாம் பதிந்து வைக்குமாறு அமைத்தால், மறுநாட் காலையில் அவற்றைப் படித்துக் காரணம் உணரலாம். பதிவுகளின் காலம் சரியாயிருத்தற்பொருட்டு, கருவியின் மணிக்கூட்டை வலையமைப்பு நேரத்தோடு இணைத்து, இலங்கை நேரமாகிய ஐந்தரை மணி வேறுபாட்டையும் குறித்தல் வேண்டும். பதிவேட்டிலே இரகசியங்களும் வந்துவிழக்கூடுமாதலின் அதனையும் காத்தல் கடன்.

ஏழாவது, பிறேக் என்னும் சைகை. ஓர் எழுத்துக்குரிய காலத்தினும் மிகுதியாகக் கம்பியைப் பூச்சிய நிலையில் வைத்திருத்தலே இச்சைகை. சிஸ்கோ வழிப்படுத்திகள் பல, எழும்பும் முதல் அறுபது செக்கனுக்குள் இதனைப் பெற்றால் மீட்பு நிலைக்குச் செல்லும்; மறந்த கடவுச்சொல்லை மீட்பது இவ்வழியாலேயே. சன் நிறுவனத்தின் பழைய சேவையகங்களோ, இயங்கிக்கொண்டிருக்கையிலும் இச்சைகையைப் பெற்றவுடன் வேலையை நிறுத்திவிடும். அக்காலத்துக் கொன்சோல் சேவையகங்கள் சில, மின் நின்று மீளும்போது தாமே பிறேக்கை ஒத்த சைகையை எழுப்பி, இணைந்திருந்த சேவையகங்களையும் நிறுத்தின. ஆதலின் பிறேக்கை எத்தொடரால் அனுப்புவது, எத்துறையில் அனுமதிப்பது என்பவற்றை அறிந்து அமைத்தல் வேண்டும்.

எட்டாவது, சோதித்தலும் சேமித்தலும். கருவிகள் சிலவற்றில் ஏற்றல் வேறு, சேமித்தல் வேறு. ஏற்ற அமைப்பு உடன் நடைமுறைக்கு வரும். சேமியாதுவிடின் மின் நின்றதும் மறையும். ஒவ்வொரு துறையையும் திறந்து, மறுபுறத்துக் கருவி தன் பெயரைச் சொல்லக் கேட்டபின், அமைப்பு முழுவதையும் ஒரு கோப்பாக இறக்கி வேறிடத்தில் வைத்தல் வேண்டும். அதன் சுருக்கத்தைத் தாளிலும் எழுதி வைத்தல் வேண்டும். யான் இழந்த இரு நாள்களும் இவ்வொரு தாளின் விலையே.

பின்வாசல் முன்வாசலைச் சார்ந்தால்

இத்துணையும் ஒழுங்காகச் செய்தபின்னும் ஒரு பெருங்குறை எஞ்சி நிற்கலாம். கொன்சோல் சேவையகத்தை அடையும் பாதை, அச்சேவையகம் காக்கவேண்டிய வலையமைப்பின் ஊடாகவே செல்லுமாயின், வலையமைப்பு வீழும் நாளில் இரு வாசல்களும் ஒருங்கே மூடப்படும்.

இது வெறுங் கற்பனையன்று. 2021 ஆம் ஆண்டு ஒற்றோபர் 4 ஆம் நாள், பேஸ்புக் நிறுவனத்தின் முதுகெலும்பு வலையமைப்பு, பராமரிப்பின்போது வழங்கப்பட்ட ஒரு கட்டளையால் முற்றாகத் துண்டிக்கப்பட்டது. பேஸ்புக், வட்ஸ்அப், இன்ஸ்ரகிராம் ஆகிய மூன்றும் ஏறத்தாழ ஆறு மணி நேரம் உலகெங்கும் மறைந்தன. வழமையான பாதையோடு, அவசரத்துக்கென அமைத்த புறப்பாதையும் செயலற்றமையால், பொறியியலாளரை நேரே தரவு நிலையங்களுக்கு அனுப்பவேண்டியதாயிற்று என்று அந்நிறுவனமே பின்னர் விளக்கியது. அங்குள்ள கடுங்காவலைக் கடந்து இயந்திரங்களை அடைதற்கும் காலம் சென்றது.

மறு ஆண்டு, 2022 யூலை 8 ஆம் நாள், கனடாவின் றொஜர்ஸ் நிறுவனத்து வலையமைப்பு வீழ்ந்தது. நம்மவர் பெருந்தொகையாக வாழும் ரொறன்ரோ உட்பட, 1 கோடி 20 இலட்சத்துக்கு மேற்பட்ட வாடிக்கையாளர் தொடர்பிழந்தனர். கடைகளில் வங்கி அட்டைக் கொடுப்பனவு தடைப்பட்டது. 911 என்னும் அவசர அழைப்பும் பலர்க்குக் கிட்டவில்லை. முழுமையாக மீள ஒரு நாளுக்கு மேலாயிற்று. மேம்படுத்தலின்போது ஒரு வடிகட்டி நீக்கப்பட்டமை மூலகாரணம். ஆயினும் மீட்சி தாமதித்தமைக்கு ஒரு காரணம், கருவிகளை நிருவகிக்கும் வலையமைப்பும் வீழ்ந்த அவ்வலையமைப்பையே சார்ந்திருந்தமை. கணினிக்கூடத்திலே யான் பட்ட இடரும், பெருநிறுவனங்கள் பட்ட இடரும் அளவால் வேறாயினும் வகையால் ஒன்றே.

இதற்குப் பரிகாரம் தனிப்பாதை. கொன்சோல் சேவையகத்துக்கு வேறொரு நிறுவனத்தின் கைத்தொலைபேசி வலையமைப்பின் வழியாகவேனும், வேறு இணைய இணைப்பின் வழியாகவேனும் ஒரு பாதை இருத்தல் வேண்டும். மொடியூல்களை வலைப்பக்கத்தில் அமைக்கும்போதே அப்பாதையையும் அமைத்து, குறித்த தவணைக்கொரு முறை முதன்மைப் பாதையை வேண்டுமென்றே துண்டித்துச் சோதித்துப் பார்த்தல் வேண்டும். கொன்சோல் சேவையகத்துக்கும் தனக்கென ஒரு கொன்சோல் துறை உண்டு. வலைப்பக்கம் திறவாதவிடத்து, அருகே சென்று கம்பி செருகுவார்க்கு அது பின்வாசலின் பின்வாசலாக நின்று உதவும்.

பின்வாசலுக்கும் காவல்

கோடிப்புறத்துக் கதவால் வீட்டார் மாத்திரமன்றிக் கள்வரும் வரலாம். 2015 டிசெம்பர் 23 ஆம் நாள், உக்ரேன் நாட்டின் மூன்று மின்விநியோக நிறுவனங்களின் வலையமைப்புள் ஊடுருவியோர் மின்னைத் துண்டித்தனர். ஏறத்தாழ 225,000 வாடிக்கையாளர் இருளில் ஆழ்ந்தனர். அத்தோடு அமையாது, உபமின்னிலையங்களிலே தொடர்த்துறையை ஈதர்நெற்றோடு இணைத்த மாற்றிகளின் உள்ளக மென்பொருளையும் அழித்தெழுதினர். அம்மாற்றிகள் பயனற்றுப்போகவே, தொலைவிலிருந்து மின்னை மீட்டல் இயலாதாயிற்று. ஊழியர் நேரே சென்று கையால் ஆளிகளை இயக்கி மின்னை மீட்டனர். இம்மாற்றிகளும் நாம் மேலே கண்ட மொடியூல்களின் உறவுக் கருவிகளே.

மறு ஆண்டிற் பரவிய மிராய் என்னும் தீநிரல், அறுபதளவான இயல்புப் பெயர், கடவுச்சொற் சோடிகளை ரெல்நெற் வழியாக ஒவ்வொன்றாக முயன்று, இலட்சக்கணக்கான கருவிகளைக் கைப்பற்றியது. கைப்பற்றியோர் அருந்திறலாளர் அல்லர். கடவுச்சொல்லை மாற்றாதோரே அவர்க்கு வாயில் திறந்தோர். கொன்சோல் சேவையகம் கைப்பற்றப்படின் இழப்புப் பன்மடங்காகும். ஏனெனில் அது ஒரு வீட்டின் திறவுகோலன்று; நாற்பது வீடுகளின் திறவுகோற் கொத்து. ஆதலின் அதன் வலைப்பக்கம் பொது இணையத்தை நோக்கித் திறந்திருத்தலாகாது. மென்பொருட் திருத்தங்கள் காலந்தோறும் இடப்படல் வேண்டும். வேலை முடிந்ததும் கருவியினின்றும் முறைப்படி வெளியேறுதல் வேண்டும். கொன்சோலிலே திறந்து விடப்பட்ட அமர்வு, அடுத்து வருபவனுக்குத் திறந்த கதவாகும்.

முடிவுரை

இளைய மாணவர்க்கு வலைப்பக்கமே கருவி என்று தோன்றுதல் இயல்பு; எனக்கும் அவ்வாறே தோன்றியிருந்தது. வலைப்பக்கம் கருவியின் முகம் மாத்திரமே. முகம் மறைந்தபின்னும் கருவி மெல்லிய குரலிலே, செக்கனுக்கு 960 எழுத்தாக, தன் நோயைச் சொல்லிக்கொண்டே இருக்கும். அக்குரலைக் கேட்கும் வழியை நலமான நாளிலேயே அமைத்து வைப்பவனே நோயுற்ற நாளில் உதவ வல்லவன்.

பாடசாலைகளுக்குப் பெருஞ்செலவான மொடியூல்கள் இன்று வேண்டாதிருக்கலாம். ஆயினும் ஒரு புரட்டுக் கம்பியும், அதனைக் கணினியோடு இணைக்கும் ஒரு யூ.எஸ்.பி. மாற்றியும், கருவிகளின் அமைப்பை எழுதிய ஒரு தாளும் எந்தக் கூடத்துக்கும் இயல்வன. கடவுச்சொற்களை மாத்திரம் அத்தாளில் எழுதாது, அதிபரின் அலுமாரியிலே உறையிட்டு வைக்கலாம். ஓய்ந்த ஒரு பிற்பகலிலே உயர்தர மாணவர் இருவரை அழைத்து, ஆளியின் பின்புறத்தைத் திருப்பிக் காட்டி, கம்பியைச் செருகி, அது பேசுவதைக் கேட்கச் செய்தால், இக்கட்டுரை சொல்வதனினும் மிகுதியாக அவர்கள் அறிந்துகொள்வர். எனக்கு அந்தத் துறையைக் காட்டிய மாணவர்க்கு யான் செலுத்தக்கூடிய கைம்மாறும் அதுவே.